ஓடைக்கரையில புது கேடிஸ் பூச்சி கிடைச்சா: அடையாளம் பாக்கிறதுல இருந்து பேர் வைக்கிற வரைக்கும்

கொடைக்கானல் பக்கம் ஒரு ஓடைக்கரையில, பொழுது சாஞ்சதும் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி அதுக்கு முன்னாடி யூவி ட்யூப் ஒண்ணை எரிய விட்டுப் பாருங்க. முதல்ல பொடிசு பொடிசா கொசு மாதிரி வரும், அப்புறம் அந்துப்பூச்சி வரும், அதுக்கு நடுவுல இறக்கையை ஓட்டுவீட்டுக் கூரை மாதிரி மடிச்சுக்கிட்டு, நீள மீசையை முன்னாடி நீட்டிக்கிட்டு ஒண்ணு வந்து உக்காரும், அதுதான் கேடிஸ் பூச்சி. நிறைய பேர் இதையும் அந்துப்பூச்சின்னு நினைச்சுத் தட்டி விட்டுடுவாங்க. அந்துப்பூச்சி இறக்கையைத் தொட்டா விரல்ல பொடி ஒட்டும், அது செதில். கேடிஸுக்கு இறக்கை பூரா மயிர், சுருட்டி வச்ச உறிஞ்சு குழாயும் வாயில இருக்காது. ட்ரைகாப்டிராங்கிற பேருக்கே மயிர் இறக்கைன்னுதான் அர்த்தம். ரெண்டும் பங்காளிங்கதான், பூச்சி உலகத்துலயே ஒண்ணுக்கொண்ணு நெருங்கின சொந்தம், புழுவா இருக்கும்போது ரெண்டுமே வாய்ப்பக்கம் இருக்கிற சுரப்பியில இருந்து பட்டு இழுக்கும், ஆனா கேடிஸ் அந்தப் பட்டை தண்ணிக்குள்ள இழுக்குது, நனைஞ்ச கல்லு மேலயே ஒட்ட வைக்குது.

உலகம் முழுக்க 16,000க்கு மேல பேர் வச்சாச்சு, இந்தியாவுல மட்டும் ஆயிரத்தைத் தாண்டியாச்சு. அப்படியும் மேற்குத் தொடர்ச்சி மலையில ஒழுங்கா தேடினா பேர் இல்லாதது கிடைக்கத்தான் செய்யும். "சார், புதுசு ஒண்ணு கிடைச்சிருக்கு"ன்னு போட்டோ அனுப்புற தம்பி தங்கச்சிங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். போட்டோவை வச்சு புதுசுன்னு சொல்ல முடியாது, டிஎன்ஏ மட்டும் வச்சும் சொல்ல முடியாது. ஆண் பூச்சியோட வால் நுனியை சுத்தம் பண்ணி, மைக்ரோஸ்கோப்புல வச்சு, வரைஞ்சு, நூறு நூத்தம்பது வருஷமா மத்தவங்க வரைஞ்சு வச்சதோட ஒண்ணு ஒண்ணா ஒப்பிட்டாத்தான் சொல்ல முடியும். அந்த வேலையைத்தான் கீழ சொல்றேன், கூடவே சொந்தபந்தம் எப்படிக் கண்டுபிடிக்கிறது, எங்கெங்க வாழுதுன்னு மேப் எப்படிப் போடுறதுன்னும்.

மொதல்ல அனுமதி. காட்டுக்குள்ளன்னா வனத்துறை கிட்ட எழுத்துல வாங்குங்க, "ஒரு பூச்சிதானே"ன்னு போயிடாதீங்க. 2002ம் வருஷ பல்லுயிர் சட்டப்படி புது இனம் கண்டுபிடிச்சா அதுக்குன்னு அறிவிச்சிருக்கிற நிறுவனத்துக்குத் தெரியப்படுத்தி, சாம்பிளையும் அங்க ஒப்படைக்கணும், விலங்குகளுக்கு அது கொல்கத்தாவுல இருக்கிற இந்திய விலங்கியல் ஆய்வகம். அனுமதி இல்லாம பிடிச்ச பூச்சிக்குப் பேர் வச்சா பின்னாடி அந்தப் பேப்பரே சிக்கல்ல மாட்டும்.

பிடிக்கிறதுக்கு பெரிய சாமான் எதுவும் வேண்டாம். 8 வாட் யூவி ட்யூப், 12 வோல்ட் பேட்டரி, ஒரு வெள்ளை பிளாஸ்டிக் ட்ரே போதும். ட்ரேல ரெண்டு மூணு சென்டிமீட்டர் ஆல்கஹால் ஊத்தி அதுல ஒரே ஒரு சொட்டு பாத்திரம் தேய்க்கிற லிக்விட் விடுங்க, மேல்பரப்பு இழுவிசை போயிடும், பூச்சி மிதக்காம உள்ள இறங்கிடும். ட்யூப்பை ட்ரேக்கு மேல குறுக்க வச்சு தண்ணி ஓரமா விட்டுடலாம். இருட்ட ஆரம்பிச்சதுல இருந்து ரெண்டு மணி நேரம்தான் முக்கியம். நிலா இல்லாத, காத்து இல்லாத, கொஞ்சம் புழுக்கமான ராத்திரியா பாத்துப் போங்க, பௌர்ணமிக்குப் போனா ட்ரே காலியாத்தான் கிடக்கும். பகல்ல ஓடையோரச் செடிகளை வலையால வீசிப் பாருங்க, லைட்டுக்கே வராத இனங்களும் உண்டு. அப்புறம் கண்டிப்பா கல்லைப் புரட்டுங்க, அது ஏன்னு பின்னாடி சொல்றேன்.

உடம்பமைப்பு பாக்கிறதுக்குன்னா 80 சதவீத ஆல்கஹால் போதும். டிஎன்ஏ எடுக்கணும்னா 95க்கு மேல வேணும், முதல் நாளே ஒரு தடவை ஆல்கஹாலை மாத்திடுங்க, ஏன்னா பூச்சி உடம்புல இருக்கிற தண்ணி வெளிய வந்து அதை நீர்த்துப் போக வச்சிடும். அப்புறம் ஃப்ரீசர்ல போட்டுடுங்க.

லேபிள் விஷயத்துல நான் பட்டதை சொல்லிடுறேன். ஆரம்பத்துல ஒரு சீசன் முழுக்க பிடிச்சதுக்கு ஜெல் பேனாவால லேபிள் எழுதி குப்பிக்குள்ள போட்டேன், மூணு மாசம் கழிச்சு எடுத்துப் பாத்தா மை கரைஞ்சு ஆல்கஹாலே நீலமா நிக்குது, பதினாலு குப்பியில எது எந்த ஓடைன்னு தெரியல. அதுல ஒண்ணு இன்னைக்கு வரைக்கும் எதோடயும் ஒத்துப்போகாத ஆண் பூச்சி, ஆனா ஊர் பேர் இல்லாத பூச்சியை வச்சு ஒண்ணும் எழுத முடியாது. பென்சில்ல எழுதுங்க. நல்ல கெட்டித் தாள்ல எழுதி குப்பிக்கு உள்ளயே போடுங்க, வெளிய ஒட்டுற ஸ்டிக்கரை நம்பாதீங்க. மாநிலம், மாவட்டம், மலை, ஓடை பேர், ஜிபிஎஸ் எண், உயரம், தேதி, எப்படிப் பிடிச்சது, யார் பிடிச்சது, இவ்வளவும் வேணும்.

இதுக்கு நம்ம ஊர்லயே ஒரு நல்ல உதாரணம் இருக்கு. காரைக்கால் பக்கம் குரும்பகரத்துக்காரர் பி. சூசை நாதன், போன நூற்றாண்டு நடுவுல தென்னிந்தியப் பூச்சிகளைப் பிடிச்சு உலகத்துல இருக்கிற மியூசியங்களுக்கெல்லாம் அனுப்பினவர். ஆனைமலை, சின்கோனா, 3500 அடி, மாசம், வருஷம்னு அவர் குட்டி லேபிள்ல எழுதினது இன்னைக்கும் வேலைக்கு ஆகுது, அந்த லேபிளை நம்பி வால்பாறை பக்கம் அதே உயரத்துக்குப் போய்த் தேட முடியுது. இத்தனை வருஷம் கழிச்சு ஒருத்தர் உங்க லேபிளைப் படிப்பாங்கன்னு நினைச்சு எழுதுங்க.

சரி, பூச்சி வீட்டுக்கு வந்தாச்சு. மொதல்ல ஃபேமிலி, அதாவது எந்தப் பெரிய குடும்பத்தைச் சேர்ந்ததுன்னு பாக்கணும். தலை உச்சியில மூணு பொட்டுக்கண்ணு இருக்கா, வாய்ப்பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கிற குட்டி உணர் உறுப்பான பால்ப்ல எத்தனை கணு, கடைசிக் கணு மட்டும் நீளமா சாட்டை மாதிரி வளையம் வளையமா இருக்கா, முன்னங்கால் நடுக்கால் பின்னங்கால்ல எத்தனை ஸ்பர் முள்ளு, இந்த மூணை மட்டும் பாத்தாலே பாதி வேலை முடிஞ்சிடும். கிமாராங்கிற ஜீனஸை (ஃபேமிலிக்குள்ள நெருங்கின இனங்கள் சேர்ந்த சின்னக் கூட்டம்) எடுத்துக்கோங்க, அதோட ஸ்பர் கணக்கு 1-4-4, பொட்டுக்கண்ணு உண்டு. ஹைட்ரோசைக்கிடே ஃபேமிலிக்குப் பொட்டுக்கண்ணே கிடையாது. ரயகோஃபிலா 3-4-4. முள்ளு ஒடிஞ்சிருந்தா குழி தெரியும், அதையும் எண்ணிக்கோங்க. இதுக்கு அப்புறம் இறக்கை நரம்பு, தலையிலயும் முதுகுலயும் இருக்கிற மயிர் மேடுகள். ஹைட்ரோப்டிலிடேன்னு ஒரு கூட்டம் இருக்கு, மொத்த உடம்பே ரெண்டு மூணு மில்லிமீட்டர்தான், ட்ரே அடியில தூசி மாதிரி கிடக்கும், கேடிஸ்லயே அதிக இனங்கள் உள்ள ஃபேமிலி அதுதான், அதனால தூசின்னு நினைச்சு கொட்டிடாதீங்க.

வெளித்தோற்றத்தை வச்சு அவசரப்பட்டா என்ன ஆகும்ங்கிறதுக்கு ஒரு பழைய கதை. 1834ல அமெரிக்காவுல ஐசக் லீன்னு சங்கு நத்தை ஆராய்ச்சியில பெரிய ஆள், மணலால ஆன ஒரு குட்டி நத்தை ஓடு கிடைச்சிருக்குன்னு அதை நத்தை இனமாவே பேர் வச்சு எழுதிட்டார். அது ஹெலிகோசைக்கிங்கிற கேடிஸ் புழு மணலைப் பட்டால ஒட்டி நத்தை மாதிரி சுருட்டிக் கட்டின வீடு. நம்ம பக்க ஓடைகள்லயும் இலங்கையிலயும் இந்தக் கூட்டம் இருக்கு, கல்லு மேல மிளகு அளவுல ஒட்டிக்கிட்டு இருக்கும். கையில எடுத்து உள்ள ஆறு கால் இருக்கான்னு பாத்தாத்தான் உண்மை தெரியும்.

இப்போ முக்கியமான வேலைக்கு வருவோம், ஆண் பூச்சியோட ஜெனிட்டாலியா, அதாவது வால் நுனியில இருக்கிற இனப்பெருக்க உறுப்புகள். கேடிஸ்ல இனம் பிரிக்கிறது பெரும்பாலும் இதுலதான். வால் நுனியில ஒன்பதாவது வளையம், அதுக்கு மேல பத்தாவது, கீழ ரெண்டு பக்கமும் கிடுக்கி மாதிரி கிளாஸ்பர், நடுவுல ஆண் உறுப்பான ஃபாலஸ். இதெல்லாம் சதையோட இருக்கும்போது ஒண்ணுமே தெரியாது, பழுப்பு உருண்டையா இருக்கும். அதனால வயித்துப் பகுதியை நுனி ஊசியால மெதுவா கழட்டி 10 சதவீத காஸ்டிக் பொட்டாஷ்ல ராத்திரி பூரா ஊற வைங்க. அவசரம்னா லேசா சூடு பண்ணலாம், ஆனா கொதிக்க விட்டா மெல்லிசான ஜவ்வெல்லாம் கரைஞ்சு போயிடும். எனக்குப் பிடிச்சது லாக்டிக் ஆசிட் முறை, 85 சதவீத லாக்டிக் ஆசிட்ல போட்டு 125 டிகிரி சூட்டுல அரை மணி நேரம், ஃபாலஸ் உள்ள இருக்கிற பையெல்லாம் தானா உப்பி வெளிய வந்து நிக்கும், வரையறதுக்கு ரொம்ப வசதி. கண்ணாடி போட்டுக்கோங்க, ரெண்டுமே கண்ணுல பட்டா ஆபத்து.

தண்ணியில நல்லா அலசி, குழி ஸ்லைடுல கிளிசரின் விட்டு வைங்க. கிமாராவை அப்படி வச்சு முதல் தடவை லென்ஸுக்குக் கீழ பாக்கிறப்போ எதைத் தேடணும்னு சொல்றேன். பக்கவாட்டுல வைங்க, ஒன்பதாவது வளையத்தோட அடியில படகு அடிப்பாகம் மாதிரி ஒரு சின்ன நீட்டல் இருக்கும், அதோட நீளமும் நுனி கூரா மழுங்கலாங்கிறதும் இனத்துக்கு இனம் மாறும். அப்புறம் கிளாஸ்பர், அதோட பின் விளிம்பு நேரா இருக்கா, நடுவுல பள்ளம் விழுந்திருக்கா, உள் பக்கம் பல்லு இருக்கா. கடைசியா ஃபாலஸுக்கு உள்ள லைட்டைக் கூட்டிக் குறைச்சுப் பாருங்க, கருப்பா முள்ளு தெரியும், ரெண்டா நாலா, சமமா நீளமா. உங்க கண்ணு அந்த முள்ளுல பழகிடுச்சுன்னா பேப்பர்ல இருக்கிற வார்த்தையைப் படிக்காமலே படத்தைப் பாத்து இது வேற அது வேறன்னு சொல்லிடுவீங்க.

வரைங்க. போட்டோ எடுத்தா ஒரு ஆழம்தான் தெளிவா வரும், ஆனா கேமரா லூசிடா (லென்ஸ்ல தெரியறதைத் தாள் மேலயே விழுற மாதிரி காட்டுற கருவி) வச்சு வரையும்போது நீங்க ஃபோகஸை ஏத்தி இறக்கி ஒவ்வொரு விளிம்பையும் யோசிச்சுத்தான் கோடு போடுவீங்க. பக்கவாட்டு, மேல, கீழ, ஃபாலஸ் தனியா, குறைஞ்சது இந்த நாலு. பூச்சி துளி சாய்ஞ்சிருந்தாலும் கிளாஸ்பர் வடிவமே மாறித் தெரியும், அதனால இடது வலது ரெண்டு விளிம்பும் ஒண்ணு மேல ஒண்ணு விழுற வரைக்கும் திருப்பி நிறுத்திட்டு வரைங்க. வரைஞ்சு முடிச்சதும் அந்தத் துண்டை ஒரு குட்டிக் குப்பியில கிளிசரின்ல போட்டு, அதை அந்தப் பூச்சியோடயே வைங்க. உடம்பு ஒரு இடம், வால் ஒரு இடம்னு பிரிஞ்சா ரெண்டும் வீண்.

ஒரே ஒரு ஆணை வச்சு புது இனம்னு ஓடாதீங்க. அதே ஓடையில இன்னும் பத்து ஆணைத் திறந்து பாருங்க. பல்லு ஒண்ணு கூடக் குறைய இருக்கிறது அந்த இனத்துக்குள்ள இருக்கிற சாதாரண வேறுபாடாவும் இருக்கலாம். பக்கத்து மலையில இருந்து எடுத்தும் பாருங்க. ரெண்டு மலைக்கு நடுவுல வடிவம் படிப்படியா மாறினா அது ஒரே இனமா இருக்க வாய்ப்பு அதிகம், ஒரே ஓடையில ரெண்டு வடிவமும் நடுவடிவம் இல்லாம சேர்ந்து பறந்தா அது ரெண்டு இனம்ங்கிறதுக்கு நல்ல சாட்சி.

அடுத்து ஒப்பிடுறது, இதுதான் பொறுமையைச் சோதிக்கிற வேலை. மொதல்ல ட்ரைகாப்டிரா உலகப் பட்டியல் ஆன்லைன்ல இருக்கு, அமெரிக்காவுல கிளெம்சன் பல்கலைக்கழகத்து ஜான் மோர்ஸ் ஆரம்பிச்சு வளர்த்தது. அதுல உங்க ஜீனஸைப் போட்டு இந்தியா, இலங்கை, பர்மா, தாய்லாந்து பக்கம் இருக்கிற அத்தனை இனத்தையும் எடுத்துக்கோங்க. ஒவ்வொண்ணுக்கும் முதல் விவரிப்பைத் தேடணும். இலங்கை கேடிஸ்னா 1858ல ஹெர்மன் ஹாகன் எழுதினதுல ஆரம்பிக்கணும், அங்க காபித் தோட்டம் வச்சிருந்த ஜான் நீட்னர் அனுப்பின பூச்சிகள் அதுல இருக்கு. ஆனா ட்ரைகாப்டிரான்னு தேடினா கிடைக்காது, அந்தக் காலத்துல கேடிஸையும் தட்டானையும் எல்லாத்தையும் நியூராப்டிராவுலயே போட்டு வச்சிருந்தாங்க, தலைப்பே சிலோன் நியூராப்டிராதான். அப்புறம் லண்டன் மியூசியத்துல இருந்த மோஸ்லி, கிம்மின்ஸ் எழுதினது. அதுக்கப்புறம் ஃபெர்னாண்ட் ஷ்மிட். சுவிட்சர்லாந்துக்காரர், 1950கள்ல இருந்து இலங்கை, பாகிஸ்தான், இந்தியான்னு வருஷக்கணக்கா மலை மலையா அலைஞ்சு பிடிச்சவர், 1958ல இலங்கை கேடிஸுக்கு ஒரு பெரிய ஆய்வுக் கட்டுரையே போட்டார், பிரெஞ்சுல. அவர் இந்தியாவுல பிடிச்சது பெரும்பாலும் கனடா ஒட்டாவா சேகரிப்புல இருக்கு. தென்கிழக்கு ஆசியாவுக்கு ஹான்ஸ் மாலிக்கி 2010ல போட்ட அட்லஸ் பூரா படம்தான், மொழி தடையே இல்ல. இந்தியாவுல பாட்டியாலா பஞ்சாபி பல்கலைக்கழகக் குழு நிறைய இனங்களை விவரிச்சிருக்காங்க. பழசெல்லாம் பல்லுயிர் பாரம்பரிய டிஜிட்டல் நூலகத்துல இலவசமாவே கிடைக்குது. பிரெஞ்சும் ஜெர்மனும் தெரியாதேன்னு பயப்படாதீங்க, உடம்பு உறுப்புப் பேர் ஒரு அம்பது வார்த்தை எழுதி வச்சுக்கிட்டா போதும், மீதியைப் படம் சொல்லிடும்.

பழைய படம் தெளிவா இல்லைன்னா மூல பூச்சியைப் பாக்கணும், அதாவது டைப், எந்தப் பூச்சியை வச்சு அந்தப் பேரை வச்சாங்களோ அது. மியூசியத்துக்கு மெயில் போட்டு அந்த வால் நுனியோட போட்டோ கேளுங்க, எந்தக் கோணத்துல வேணும்னு உங்க படத்தையும் சேர்த்து அனுப்புங்க. இதைச் செய்யாம பேர் வச்சுட்டு, பின்னாடி அது 1930களிலேயே பேர் வச்ச பூச்சின்னு தெரிஞ்சா உங்க பேர் செல்லாது, முதல்ல வச்ச பேர்தான் நிக்கும்.

இப்போ கல்லைப் புரட்டச் சொன்ன காரணம். ஓடை சுத்தமா இருக்கான்னு பாக்கிறவங்க கையில கிடைக்கிறது புழுதான், ஆனா பேர் இருக்கிறது பறக்கிற ஆணுக்கு. ரெண்டையும் சேர்த்து வைக்க பழைய அருமையான வழி ஒண்ணு இருக்கு, 1938ல மில்ன் எழுதினது. கேடிஸ் புழு கூட்டுப்புழுவா மாறும்போது கூட்டை மூடிக்கிட்டு, தன்னோட பழைய தோலை அதே கூட்டுக்குள்ள ஒரு மூலையில ஒதுக்கி வச்சிருக்கும். பறக்கத் தயாரா இருக்கிற முத்தின கூட்டுப்புழு ஒண்ணைக் கண்டுபிடிச்சீங்கன்னா, உள்ள ஆணோட ஜெனிட்டாலியா முழுசா வளர்ந்து தோல் வழியா தெரியும், அதே கூட்டுல புழுவோட தலை ஓடு, கால் எல்லாம் துண்டு துண்டா கிடக்கும். ஒரே உயிரோட ரெண்டு ஆதாரமும் ஒரே டப்பாவுல. டிஎன்ஏ வந்த பிறகும் இந்த முறைக்கு மதிப்பு குறையல, லேப் இல்லாத கல்லூரியில கூட பண்ணலாம். கூட்டைப் பிரிக்கும்போது கீழ வெள்ளைத் தட்டு வச்சுக்கோங்க, துண்டெல்லாம் கடுகுல பாதி இருக்கும்.

டிஎன்ஏன்னா வழக்கமா மைட்டோகாண்ட்ரியாவுல இருக்கிற சிஓஐ ஜீன்ல 658 எழுத்து நீளமுள்ள துண்டு, அதைத்தான் பார்கோடுங்கிறாங்க. நல்ல விஷயம் என்னன்னா வயித்துப் பகுதியை அரைக்க வேண்டியதில்ல, புரோட்டினேஸ் கே கரைசல்ல 56 டிகிரியில ராத்திரி பூரா ஊற வச்சா டிஎன்ஏவும் வெளிய வந்துடும், சதையும் கரைஞ்சு ஜெனிட்டாலியாவும் சுத்தமாயிடும். வர்ற எழுத்தைப் புரதமா மொழிபெயர்த்துப் பாருங்க, நடுவுல ஸ்டாப் கோடான் (புரதம் இங்க முடியுதுங்கிற குறி) வந்தா நீங்க எடுத்தது உண்மையான ஜீன் இல்ல, நியூக்ளியஸ்ல ஒட்டிக்கிட்டு இருக்கிற போலி நகல். ரெண்டு சதவீத வித்தியாசம் இருந்தா வேற இனம்னு ஒரு கணக்கு சொல்வாங்க, அதை வழிகாட்டியா வச்சுக்கோங்க, தீர்ப்பா வைக்காதீங்க. மலைக்கு மலை பிரிஞ்சு கிடக்கிற ஒரே இனத்துலயே அதைவிட அதிக வித்தியாசம் வரலாம், ரொம்ப சமீபத்துல பிரிஞ்ச ரெண்டு இனத்துல வித்தியாசமே இல்லாமலும் போகலாம். வால் நுனியும் டிஎன்ஏவும் ஒண்ணையே சொன்னா நிம்மதியா எழுதுங்க, முரண்பட்டா இன்னொரு ஜீன், 28எஸ்ஸோ சிஏடியோ, எடுத்துப் பாருங்க.

சொந்தபந்தம் கண்டுபிடிக்கிறதுல எல்லாரும் செய்யற தப்பு, ஒத்துமையை எண்ணுறது. ரெண்டு பூச்சிக்கும் பொட்டுக்கண்ணு இருக்குங்கிறதால ரெண்டும் நெருங்கின சொந்தம்னு ஆகாது, பொட்டுக்கண்ணு பூச்சிகளோட பூர்வீக சொத்து, இழக்காத எல்லார்கிட்டயும் இருக்கும். பொதுவான முன்னோர் கிட்ட புதுசா முளைச்ச அடையாளம்தான் சொந்தத்தைக் காட்டும். உதாரணத்துக்கு, பால்ப்போட கடைசிக் கணு சாட்டை மாதிரி இருக்குன்னு சொன்னேனே, வலை கட்டி ஒரே இடத்துல இருக்கிற கூட்டத்தை ஒண்ணு சேர்க்கிற அடையாளம் அது. வீட்டைத் தூக்கிக்கிட்டு அலையுற கூட்டத்துக்கு அது கிடையாது. எது பழசு எது புதுசுன்னு தெரியத்தான், யார் யாருக்குச் சொந்தம்னு காட்டுற வம்ச மரம் போடும்போது வெளிக்கூட்டம் ஒண்ணைச் சேர்க்கணும், அதாவது நாம பாக்கிற கூட்டத்துக்கு வெளிய இருக்கிற சொந்தம் ஒண்ணை. எழுத்து வரிசையை மாஃப்ட்ல சீர் பண்ணி, ஐக்யூட்ரீயில மரம் போட்டு, காலக்கணக்கு வேணும்னா பீஸ்ட்ல ஓட்டணும். இந்த சாஃப்ட்வேர் எல்லாமே இலவசம், கத்துக்க ஒரு மாசம் ஆகும்.

இதுக்கு நான் எப்பவும் எடுத்துக்கிற பூச்சி ஸ்டெனோசைக்கி கொடைக்கானலென்சிஸ். 1980ல ஸ்வெக்மனும் காஃப்மனும் பழனி மலையில இருந்து விவரிச்சது, பேர்லயே ஊர் இருக்கு. ஸ்டெனோசைக்கி பெரிய கேடிஸ், முன்னிறகு மட்டுமே ரெண்டு சென்டிமீட்டர் கிட்ட, மீசை அதைவிட நீளம், வேகமா ஓடுற தண்ணியில கல்லுக்கு நடுவுல வலை கட்டும். ஜப்பான்ல நாகானோ பக்கம் இதோட புழுவை ஆத்துல பிடிச்சு சோயா சாஸ்ல வேக வச்சுத் தின்றாங்க. 2018ல இந்த ஜீனஸ்ல ஒரு இனத்தோட முழு ஜீனோமும் வந்துச்சு. இமயமலை, சீனா, ஜப்பான், தென்கிழக்கு ஆசியான்னு இந்த ஜீனஸ் நிறைஞ்சு கிடக்கு. அதோட ஃபேமிலியில இருக்கிற மத்த ரெண்டு ஜீனஸ்ல ஒண்ணு ஆஸ்திரேலியாவுல, இன்னொண்ணு சிலியில. அப்போ இமயமலைக்கு இவ்வளவு தெற்க, பழனி மலைக்கு எப்படி வந்துச்சு?

மூணு கதை சொல்லலாம், மூணுக்கும் மரம் வேற வேற மாதிரி வரும். முதல் கதை, 1940கள்ல சுந்தர் லால் ஹோரா மலை ஓடை மீன்களுக்காகச் சொன்னது: இமயமலைப் பக்க உயிர்கள் குளிர்ந்த ஈரக் காலங்கள்ல சாத்பூரா மலைத்தொடர் வழியா மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இறங்கி வந்துச்சுன்னு. அது உண்மைன்னா கொடைக்கானல் இனம் இமயமலை இனங்களோட கிளைக்கு உள்ள உக்காரும், பிரிஞ்ச காலமும் ரொம்பப் பழசா இருக்காது. ரெண்டாவது, இந்திய நிலத்தட்டோட மிதந்து வந்தது. மடகாஸ்கரை விட்டு 9 கோடி வருஷம் முன்னாடி பிரிஞ்சு, 5 கோடி வருஷம் முன்னாடி வாக்குல ஆசியாவுல மோதின நிலம் நம்மளது. அப்படின்னா தென்னிந்தியக் கிளை ஆசிய இனங்கள் எல்லாத்துக்கும் வெளிய, அடியிலயே பிரிஞ்சு நிக்கணும். மூணாவது கதையை நிறைய பேர் மறந்துடுறாங்க. 1912ல ஜார்ஜ் உல்மர் பால்டிக் ஆம்பர் பிசின்ல மாட்டின ஸ்டெனோசைக்கி ஒண்ணை விவரிச்சார், கிட்டத்தட்ட 4 கோடி வருஷப் பழசு. இன்னைக்கு ஐரோப்பாவுல ஸ்டெனோசைக்கி ஒண்ணு கூட இல்ல. அப்போ ஒரு காலத்துல பெரிய பரப்புல இருந்து, பல இடத்துல அழிஞ்சு, மிச்சம்தான் நம்ம பாக்கிறதாவும் இருக்கலாம். அதனால இன்னைக்கு எங்க அதிகமா இருக்கோ அதுதான் பூர்வீகம்னு முடிவு கட்டாதீங்க. பிசின்ல இருக்கிற அந்தப் பூச்சி காலக்கணக்குக்கும் உதவும், இந்த ஜீனஸோட வயசு குறைஞ்சபட்சம் இவ்வளவுன்னு மரத்துல ஒரு ஆணி அடிக்கலாம். அதுக்கப்புறம் பயோஜியோபியர்ஸ் மாதிரி புரோகிராம்ல மூணு கதையையும் தனித்தனியா ஓட்டி எது மரத்தோட நல்லா பொருந்துதுன்னு பாக்கணும், ஆஸ்திரேலிய ஜீனஸையும் சிலி ஜீனஸையும் சேர்க்காம ஓட்டினா பதில் நம்பிக்கைக்கு ஆகாது.

மேற்குத் தொடர்ச்சி மலைக்குள்ளயே பாக்கிறதா இருந்தா பாலக்காட்டுக் கணவாயை நடுவுல வச்சு யோசிங்க, 30 கிலோமீட்டருக்கு மேல அகலமான தாழ்நிலம், குளிர்ந்த மலை ஓடையில மட்டும் வாழுற பூச்சிக்கு அது கடல் மாதிரி. நீலகிரியில ரெண்டு ஓடை, ஆனைமலையில ரெண்டு ஓடைன்னு சாம்பிள் எடுத்தாலே கேள்விக்கு ஒரு உருவம் வந்துடும். இலங்கையும் அப்படித்தான். பனியுகத்துல கடல் இறங்கி நிலப்பாலம் இருந்த காலம் உண்டு, அதனால அங்கயும் இங்கயும் ஒரே இனம்தான்னு நினைக்கத் தோணும். ஆனா 2004ல தவளை, நண்டு, மீன் மாதிரி பல கூட்டங்களை வச்சு வந்த ஆய்வு, ரெண்டு பக்கமும் தனித்தனியா வளர்ந்த கிளைகள் நிறைய இருக்குன்னு காட்டுச்சு. அதனால ஷ்மிட் இலங்கையில வச்ச பேரை நம்ம பூச்சிக்கு அப்படியே ஒட்டாதீங்க, வால் நுனியைத் திறந்து பாத்துட்டு ஒட்டுங்க.

மேப் போடுறது க்யூஜிஐஎஸ்ங்கிற மேப் சாஃப்ட்வேர்ல அரை நாள் வேலை, ஆனா புள்ளியைச் சரிபார்க்கிறது அரை மாச வேலை. பழைய லேபிள்ல நீலகிரின்னு மட்டும் இருந்தா அந்த மலை முழுக்க எங்க வேணா இருக்கலாம், அதை ஊட்டி நடுவுல ஒரு புள்ளியா வைக்காதீங்க, எவ்வளவு தூரம் தப்பு இருக்கலாம்னு ஒரு வட்டத்தோட வைங்க. அடியை மீட்டராக்க மறந்து உயரம் மூணு மடங்கு ஆன பதிவுகளும் உண்டு. என் மேப்பை முதல் தடவை போட்டுப் பாத்தப்போ எல்லாப் புள்ளியும் ரோட்டோரமும் டூரிஸ்ட் ஊரைச் சுத்தியும் விழுந்துச்சு, அது பூச்சியோட வாழ்விடம் இல்ல, லைட் வச்ச ஆளுங்க தங்கின இடம். அதனால லைட் வச்சும் கிடைக்காத ஓடைகளையும் மேப்ல வேற நிறத்துல குறிங்க. போய்ப் பாத்தும் இல்லைங்கிறதும், போகவே இல்லைங்கிறதும் ஒண்ணு இல்ல.

கடைசியா எழுதுறது. சிறந்த ஒரு ஆணை ஹோலோடைப்பா, அதாவது புதுப் பேரைத் தாங்குற ஒரே மூல பூச்சியா, தேர்ந்தெடுங்க, சேதம் இல்லாதது, முழு லேபிள் இருக்கிறது, முடிஞ்சா பார்கோடும் இருக்கிறது. கூட வச்சுப் பாத்த மீதி பூச்சிங்க பாராடைப். எந்த இனத்தோட ரொம்ப நெருக்கம், எந்தெந்த உறுப்புல வித்தியாசம்னு ரெண்டு மூணு வரியில தெளிவா சொல்லுங்க, படிக்கிறவங்க அந்த வரியை வச்சே பிரிக்கணும். பேர் ஊர் மேல வைக்கலாம், உருவத்து மேல வைக்கலாம், மதிக்கிற ஆள் மேல வைக்கலாம், ஜீனஸ் பேரோட இலக்கணப் பால் என்னன்னு பாத்து விகுதியைப் பொருத்துங்க. ஆன்லைன்ல மட்டும் வர்ற பத்திரிகைன்னா விலங்குப் பேர்களுக்கான ஆன்லைன் பதிவேடான ஸூபேங்க்ல பதிவு பண்ணி அந்த எண் பேப்பருக்குள்ள இருக்கணும், இல்லைன்னா விலங்கியல் பெயர் விதிப்படி பேரே செல்லாது. ஸூடாக்ஸா பத்திரிகைக்கு அனுப்பலாம், கோயம்புத்தூர்ல இருந்தே வர்ற த்ரெட்டன்ட் டாக்ஸா பத்திரிகையும் இருக்கு, யார் வேணா காசில்லாம படிக்கலாம். ஹோலோடைப்பை வீட்டு பீரோவுல வைக்காதீங்க, கொல்கத்தாவுக்கு அனுப்பி ரசீது எண்ணை வாங்கி பேப்பர்லயே போடுங்க.

பேப்பர் வந்ததும் அதே ஓடைக்கு வேற மாசத்துல மறுபடி போங்க. ஆணுக்கு மட்டும்தான் பேர் வச்சிருக்கோம், பெண்ணையும் புழுவையும் யாரும் இன்னும் பாக்கல. கல்லைப் புரட்டி மூடின கூடு இருக்கான்னு தேடுங்க, கிடைச்சா வெள்ளைத் தட்டையும் பென்சிலையும் எடுத்துக்கோங்க.